கப்ளர் வாங்கும் முன் வளைவை அளந்துவிடுங்கள்

ஜி ஸ்கேல் எனப்படும், தோட்டத்தில் ஓட்டுகிற பெரிய மாடல் ரயில் எஞ்சின் வாங்கும் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்துவிடும். நாலைந்து சுற்று ஓடவிட்டு ரசித்த பிறகு தரையோடு தரையாகக் குனிந்து பக்கவாட்டில் பார்ப்பீர்கள். எஞ்சினில் ரிவெட்டிலிருந்து கைப்பிடிக் கம்பி வரை எல்லாம் அச்சு அசலாக இருக்கும். ஆனால் அதற்கும் முதல் பெட்டிக்கும் நடுவே கை நுழைகிற மாதிரி ஒரு இடைவெளி, அதில் ஒரு பிளாஸ்டிக் வளையம், ஒரு கொக்கி. அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் கண் வேறு எங்கும் போகாது. அன்றைக்கு ராத்திரியே இணையத்தில் உட்கார்ந்து, எஞ்சினையும் பெட்டியையும் இணைக்க நிஜ ரயிலில் இருப்பது மாதிரியான நக்கிள் கப்ளர் தேட ஆரம்பித்துவிடுவோம்.

டெக்சாஸின் பிளேனோவில் இருக்கும் மதுரைக்கார நண்பர் ஒருவர் போன மாதம் கூப்பிட்டார். "அண்ணே, பழைய ஸ்க்ரூவைக் கழட்டிட்டு புதுசை மாட்டுற வேலைதானே, அதுக்கு எதுக்குண்ணே ஆளாளுக்கு இவ்வளவு பேசுறாங்க?" என்று ஆரம்பித்தார். "தம்பி, உங்க வளைவு என்ன ரேடியஸ்?" என்று கேட்டேன். "செட்டோட வந்த தண்டவாளம்ணே, அது என்னன்னு யாருக்குத் தெரியும்." "ஆர்டர் போட்டாச்சா?" "போட்டாச்சுண்ணே." அவரிடம் போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால், எந்தக் கப்ளர் என்பது கடைசிக் கேள்வி. அதை எஞ்சினின் எந்தப் பாகத்தில் மாட்டப் போகிறீர்கள், தண்டவாளத்திலிருந்து எவ்வளவு உயரத்தில், உங்கள் தோட்டத்து வளைவு அதற்கு இடம் கொடுக்குமா, இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகு கடைக்குப் போனால் போதும்.

இந்தப் பொழுதுபோக்குக்குப் புதியவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை. ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் இருந்த லேமன் நிறுவனம் 1968ல் எல்ஜிபி என்ற பெயரில் 45 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் பெரிய ரயில்களைக் கொண்டுவந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட அளவு 1:22.5. மீட்டர்கேஜின் ஆயிரம் மி.மீ.யை 22.5 ஆல் வகுத்தால் 44.4 வரும், கிட்டத்தட்ட அந்த 45. (2004 வரைக்கும் பீச்சிலிருந்து தாம்பரம் வரை மீட்டர்கேஜ் மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போனவர்களுக்கு இந்தக் கணக்கில் ஒரு தனி சந்தோஷம் உண்டு.) அப்புறம் அமெரிக்கக் கம்பெனிகள் அதே 45 மி.மீ. தண்டவாளத்தை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு அளவில் ரயில் செய்ய ஆரம்பித்தார்கள். மூன்றடி நேரோகேஜ் ரயில்களுக்கு 1:20.3, 1435 மி.மீ. அகலமுள்ள ஸ்டாண்டர்ட்கேஜுக்குக் கணக்குப்படி சரியாக வரும் 1:32, பார்க்கக் கொஞ்சம் பெரிதாகத் தெரியட்டும் என்று 1:29. இந்த 1:29 கணக்குப்படி தப்புதான். 45ஐ 29 ஆல் பெருக்கினால் 1305 மி.மீ. வருகிறது, நிஜத் தண்டவாளமோ 1435. ஆனாலும் சந்தையில் கிடைக்கும் அமெரிக்க டீசல் எஞ்சின்களில் பெரும்பகுதி இதில்தான் இருக்கின்றன, என்னிடம் இருப்பவையும் அதில்தான். எல்லாமே ஒரே தண்டவாளத்தில் ஓடும், எல்லாவற்றையும் ஜி ஸ்கேல் என்றே கடைக்காரர் விற்பார், ஆனால் ஒன்றின் கப்ளர் இன்னொன்றின் கப்ளர் உயரத்தில் இருக்காது. தலைவலியில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

அந்தக் கொக்கியையும் வளையத்தையும் எல்லோரும் கேலி செய்கிறார்கள், நான் செய்யமாட்டேன். எல்ஜிபி அதைச் சும்மா வடிவமைக்கவில்லை. அவர்களுடைய ஆரம்ப செட்டில் வரும் ஆர்1 வளைவுக்கு ரேடியஸ் வெறும் 600 மி.மீ., பன்னிரண்டு துண்டு போட்டால் ஒரு வட்டம் முடிந்துவிடும். நிஜ ரயிலைக் கனவிலும் அப்படித் திருப்ப முடியாது. அவ்வளவு குறுகலான வளைவில் எஞ்சினும் பெட்டியும் பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்க வேண்டுமானால் இணைப்பு பக்கவாட்டில் தாராளமாக ஆட வேண்டும், மேலும் கீழும் ஏறி இறங்க வேண்டும், குழந்தை கையால் தள்ளினாலும் தானாக மாட்டிக்கொள்ள வேண்டும். கொக்கி இதையெல்லாம் செய்கிறது. இரண்டு பக்கமும் கொக்கி வைத்துவிட்டால் அது அவிழ்ந்து நான் பார்த்ததில்லை. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பதைத் தவிர அதன்மேல் சொல்லக் குற்றமில்லை. உங்கள் வளைவெல்லாம் ஆர்1 என்றால், அதை மாற்றவும் முடியாது என்றால், இந்தப் பதிவை இங்கேயே மூடிவிட்டு ரயில் ஓட்டப் போங்கள்.

நக்கிள் கப்ளர் என்றால் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு: சென்ட்ரலில் எல்ஹெச்பி பெட்டிகள் நிற்கும்போது இரண்டு பெட்டிகளுக்கு நடுவே எட்டிப் பாருங்கள், இரண்டு பேர் விரல்களை மடக்கிக் கொக்கிபோட்டுப் பிடித்துக்கொண்ட மாதிரி ஒன்று தெரியும். பெரம்பூர் ஐசிஎஃப் 2018 வரை கட்டிய பழைய பெட்டிகளில் இது கிடையாது, அவற்றில் திருகுக் கப்ளிங்கும் இரண்டு பக்கமும் பஃபரும்தான். நக்கிளின் மூலவர் அமெரிக்காவின் ஈலை ஜேனி. உள்நாட்டுப் போரில் தெற்கத்திப் படையில் மேஜராக இருந்துவிட்டு, வர்ஜீனியாவில் துணிக்கடையில் குமாஸ்தாவாக வேலை பார்த்தவர். 1873 ஏப்ரலில் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னால் அங்கே இருந்தது வளையமும் முளையும். ஒரு பெட்டி நகர்ந்து வந்து முட்டுகிற நேரத்தில் ஒரு ஆள் நடுவில் நின்று வளையத்தைப் பிடித்து, முளையைக் கையால் செருக வேண்டும். பிரேக்மேனின் கையில் எத்தனை விரல் மிச்சம் இருக்கிறது என்று பார்த்தே அவர் அனுபவத்தைச் சொல்லிவிடலாம் என்பார்கள். தானியங்கிக் கப்ளரைக் கட்டாயமாக்கும் பாதுகாப்புச் சட்டம் 1893ல் அதிபர் பெஞ்சமின் ஹாரிசனின் கையெழுத்தோடு வந்தது, முழுதாக நடைமுறைக்கு வர 1900 ஆகிவிட்டது.

அந்தச் சட்டத்தின் தொடர்ச்சியாக வந்த உயர விதி ஒன்று நமக்கு நேரடியாகவே பயன்படும், கொஞ்சம் தள்ளி அதற்கு வருகிறேன்.

மாடல்களில் நக்கிள் என்றதும் எல்லோரும் சொல்லும் பெயர் கேடி. ஆரிகன் மாநிலத்துக் கம்பெனி, எட்வர்ட்ஸ் சகோதரர்கள் ஆரம்பித்தது. சின்ன அளவு ரயில்களில் கிட்டத்தட்ட எல்லோரும் அவர்கள் கப்ளரைத்தான் மாட்டுகிறார்கள். பெரிய அளவில் அவர்களிடம் இரண்டு குடும்பங்கள் உண்டு. நம்பர் 1 ஸ்கேல் என்று 1:32க்காகச் செய்த சற்றுச் சிறிய தலை ஒன்று, ஜி ஸ்கேல் என்று பெரிய தலை இன்னொன்று. 1:29 எஞ்சினுக்கு எது என்று சண்டையே நடக்கும். அழகு பார்க்கிறவர்கள் சிறியதை மாட்டுவார்கள், தோட்டத்தில் மேடு பள்ளத்தில் ஓட்டுகிறவர்கள் பெரியதை. நான் பெரியது கட்சி. எல்ஜிபி, பாக்மன், யுஎஸ்ஏ ட்ரெய்ன்ஸ் எல்லோரும் தங்கள் தங்கள் நக்கிளும் கொடுக்கிறார்கள். 2013 முடிவில் மூடிவிட்ட அரிஸ்டோகிராஃப்டின் நக்கிள்களும் பழைய சரக்காக இன்னும் கிடைக்கின்றன. ஒன்றோடு ஒன்று மாட்டும், மாட்டாது என்று சொல்லமாட்டேன். சமதளத்தில் மாட்டிக்கொண்டு நல்லபிள்ளை மாதிரி நிற்கும், ஏற்றத்தில் இழுவிசை வந்ததும் ஒன்றின் தலைக்கு மேலே இன்னொன்று மெதுவாக ஏறி நழுவிவிடும். ஒரு ரயில்வேயில் ஒரே வகை, இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சரி, எங்கே மாட்டுவது. இதற்கு இரண்டு வழிதான். ஒன்று போகியில் மாட்டுவது. (போகி என்று நான் சொல்வது பெட்டியை இல்லை, அடியில் சக்கரங்களோடு சேர்ந்து திரும்பும் சட்டத்தை.) இன்னொன்று உடம்பில், அதாவது எஞ்சினின் அடிச்சட்டத்திலேயே. கடையிலிருந்து வரும் பெரும்பாலான பெட்டிகளிலும் டீசல்கள் பலவற்றிலும் போகியிலிருந்து நாக்கு மாதிரி ஒரு பட்டை நீட்டிக்கொண்டு வந்து அதன் நுனியில் கப்ளர் இருக்கும். போகி திரும்பும்போது கப்ளரும் கூடத் திரும்பும், அதனால் எவ்வளவு குறுகலான வளைவிலும் கப்ளர் தண்டவாளத்தின் நடுக்கோட்டை விட்டு அதிகம் விலகாது. நிஜ ரயிலில் இப்படிக் கிடையாது. இழுக்கிற விசை முழுக்க அடிச்சட்டம் வழியாகப் போகும், போகிக்கு அதில் வேலையே இல்லை.

போகியில் மாட்டினால் என்ன நஷ்டம்? இழுக்கும்போது பெரிதாக ஒன்றும் இல்லை, பின்னால் தள்ளும்போதுதான் தெரியும். பத்துப் பன்னிரண்டு பெட்டியை வளைவில் பின்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். கப்ளரில் வரும் அழுத்தம் போகியை அதன் அச்சில் முறுக்கப் பார்க்கும். முறுகிய போகியின் சக்கர விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறும், அந்த வரிசையிலேயே எடை குறைந்த பெட்டி எதுவோ அது முதலில் இறங்கிப் படுத்துக்கொள்ளும். யார்டில் ஷண்ட்டிங் செய்ய ஆசைப்படுகிறவர்கள் உடம்பில் மாட்டுவதற்கு இதுதான் உண்மையான காரணம். அழகு அதற்கு அப்புறம்.

உடம்பில் மாட்டினால் வரும் நஷ்டத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 1954லிருந்து இஎம்டி என்ற அமெரிக்கக் கம்பெனி கட்டிய ஜிபி9 டீசலை எடுத்துக்கொள்வோம், பெரிய எஞ்சின் இல்லை, நடுத்தரம்தான். நிஜத்தில் கப்ளரிலிருந்து கப்ளர் வரை 56 அடி 2 அங்குலம், இரண்டு போகி மையங்களுக்கும் நடுவே 31 அடி. 1:29ல் இது 590 மி.மீ., 326 மி.மீ. ஆகிறது. அதாவது போகி மையத்துக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் 132 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது. வளைவில் போகி மையங்கள் இரண்டும் நடுக்கோட்டின்மேல் இருக்கும், நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கோ வளைவுக்கு வெளிப்பக்கமாக ஒதுங்கும். எவ்வளவு ஒதுங்கும் என்று பள்ளிக்கூட பித்தாகரஸ் போட்டுப் பார்த்தால், 600 மி.மீ. ரேடியஸில் கப்ளர் நடுக்கோட்டிலிருந்து 48 மி.மீ. வெளியே போய் நிற்கிறது. தண்டவாளத்தின் மொத்த அகலமே 45. நடுக்கோட்டிலிருந்து தண்டவாளம் இருபத்திரண்டரை மி.மீ.தானே, ஆக கப்ளர் தண்டவாளத்தைத் தாண்டி அந்தரத்தில் தொங்குகிறது. பின்னால் வரும் பெட்டியில் கப்ளர் போகியில் இருந்தால் அது நடுக்கோட்டை ஒட்டியே, ஐந்தாறு மி.மீ. மட்டும் விலகி நிற்கும். இந்த இரண்டையும் இணைத்தால் ஒன்று பெட்டி கவிழும், இல்லாவிட்டால் கப்ளர் உடையும்.

அதே எஞ்சின் ஆர்3 வளைவில், அது கிட்டத்தட்ட 1195 மி.மீ. ரேடியஸ், 25 மி.மீ. விலகும். ஆர்5ல், 2320 மி.மீ.யில், 13 மி.மீ.தான். பெட்டிகளிலும் கப்ளரை உடம்பிலேயே மாட்டினால் அவையும் அதே திசையில் ஒதுங்கும் என்பதால் வித்தியாசம் இன்னும் குறையும். ஆர்3ல் சமாளித்துவிடலாம், ஆர்5ல் கவலையே வேண்டாம். எஸ் மாதிரி இடது வளைவு முடிந்த இடத்திலேயே வலது வளைவு ஆரம்பித்தால் மட்டும் எஞ்சின் மூக்கு ஒரு பக்கம், பெட்டி மூக்கு எதிர்ப்பக்கம் என்று இரண்டு விலகலும் கூடிக்கொள்ளும், நடுவில் ஒரு எஞ்சின் நீளத்துக்காவது நேர்த்தண்டவாளம் போட்டுவிடுங்கள். தெருவிளக்கு மாதிரி அலங்காரங்களை வளைவுக்கு வெளிப்பக்கம் ஒட்டி வைத்திருப்பவர்கள் அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒதுங்கும் மூக்கு அதைத் தட்டிவிட்டுப் போகும்.

அடுத்தது உயரம். முன்பே சொன்ன விதி இதுதான்: அமெரிக்க ஸ்டாண்டர்ட்கேஜில் கப்ளரின் நடுக்கோடு தண்டவாளத் தலையிலிருந்து அதிகபட்சம் 34½ அங்குலம், குறைந்தபட்சம் 31½. நேரோகேஜுக்கு அதிகபட்சம் 26 அங்குலம். இதை நம் அளவுகளில் வகுத்துப் பார்த்தால் வேடிக்கை புரியும். 34½ அங்குலம் என்பது 876 மி.மீ., 1:29ல் 30.2 மி.மீ., 1:32ல் 27.4. நேரோகேஜின் 26 அங்குலம் 1:22.5ல் 29.4, 1:20.3ல் 32.5. ஆக எல்லோரும் தங்கள் தங்கள் அளவில் நியாயமாக நடந்துகொண்டாலே ஐந்து மி.மீ. வித்தியாசம் வந்துவிடுகிறது. கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் மேலே கீழே வைப்பதைச் சேர்த்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் கேடி தன் உயரத்துக்கு ஒரு அளவுகோலைச் செய்து விற்கிறது, தண்டவாளத்தில் உட்கார வைத்து எஞ்சினை அதை நோக்கித் தள்ளிக்கொண்டுபோய்ப் பார்க்கிற ஒரு சின்னக் கட்டை. கப்ளர் வாங்கும் அன்றைக்கே அதையும் வாங்கிவிடுங்கள், அது இல்லாமல் செய்யும் வேலை எல்லாம் உத்தேசம்தான்.

அந்த விதியில் எனக்குப் பிடித்தது அதன் இடைவெளி. 34½க்கும் 31½க்கும் நடுவே 3 அங்குலம், அதாவது சரக்கு ஏற்றி ஸ்பிரிங் அமுங்கினாலும் சக்கரம் தேய்ந்தாலும் இரண்டு கப்ளருக்கு நடுவே மூன்று அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. நக்கிளின் உயரம் 11 அங்குலம், மூன்று போனாலும் எட்டு அங்குலம் பிடித்திருக்கும். 1:29ல் அந்த மூன்று அங்குலம் 2.6 மி.மீ. நாம் அதை முழுதாகச் செலவழித்துவிடக் கூடாது, ஏனென்றால் நம் தண்டவாளம் நிஜத் தண்டவாளம் அளவுக்குச் சமமாக இருப்பதில்லை.

நான் இருக்கும் டல்லஸ் பக்கத்தில் மண் கருப்புக் களி. மழை பெய்தால் ஊதும், வெயிலில் சுருங்கி வெடிக்கும், வீட்டு அஸ்திவாரத்துக்கே குழாய் போட்டுத் தண்ணீர் விடுகிற ஊர் இது. இங்கே தோட்டத்து ரயில் பாதை கோடைக்கும் மழைக்காலத்துக்கும் ஒரே மட்டத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்கவே முடியாது. போதாக்குறைக்கு நெருப்பு எறும்புகள் ஜல்லிக்கு அடியில் புற்றுக் கட்டி ஒரு இடத்தை மட்டும் தூக்கிவிடும். அப்படிப்பட்ட மேட்டில் எஞ்சின் ஏறும்போது அதன் பின்மூக்கு கீழே இறங்கும், பின்னால் வரும் பெட்டி இன்னும் சமதளத்தில் இருக்கும், அந்த ஒரு நொடியில் நக்கிள்கள் செங்குத்தாக நழுவி ரயில் இரண்டாகப் பிரிந்துவிடும். அதுவும் நீளமான எஞ்சினில் உடம்பில் மாட்டிய கப்ளர் என்றால் மூக்கு கூடுதலாக இறங்கும், வளைவில் நடந்த அதே கதை செங்குத்தாக நடக்கிறது. இதற்குக் கப்ளரை மாற்றிப் பிரயோஜனமில்லை, ஜல்லியைத்தான் சரிசெய்ய வேண்டும். ரயில் எப்போதும் ஒரே இடத்தில் அவிழ்ந்தால் பாதையில் கோளாறு, எங்கே போனாலும் ஒரே பெட்டியில் அவிழ்ந்தால் கப்ளரில் கோளாறு. என் பின்பக்கத்துப் பாதையில் இந்த ஒரு சோதனை எத்தனையோ வீண் வேலையை மிச்சப்படுத்தியிருக்கிறது.

இனி வேலை. எஞ்சினைத் தலைகீழாகப் போட ஒரு பழைய ஸ்பாஞ்ச் மெத்தைத் துண்டை வி வடிவில் வெட்டிக்கொள்ளுங்கள். நாலு கிலோவை ஒட்டிய எடை, மேலே இருக்கும் ஹாரன், கைப்பிடி எல்லாம் முறியாமல் இருக்க வேண்டும். போகியில் இருக்கும் நாக்குப் பட்டை ஸ்க்ரூவில் கழன்று வந்தால் கழற்றி வையுங்கள். போகியோடு சேர்த்து வார்த்ததாக இருந்தால் உடனே ரம்பத்தைத் தூக்காமல், முதலில் உடம்பில் புது கப்ளரை மாட்டி நாலு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் அறுக்கலாம். பெரும்பாலும் பட்டை குறுக்கே வந்து வேறு வழியிருக்காது, ஆனால் முயன்று பார்ப்பதில் தப்பில்லை.

கேடி கப்ளர் ஒரு சின்னப் பெட்டிக்குள் உட்காரும். அந்தப் பெட்டி அடிச்சட்டத்தில் சப்பென்று ஒட்டி நிற்க ஒரு தளம் வேண்டும், நிறைய எஞ்சின்களில் அந்த இடத்தில் வெறும் பள்ளம்தான் இருக்கும். ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தகடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அரை மி.மீ., ஒரு மி.மீ., இரண்டு மி.மீ. மூன்று தடிமனிலும். கனமான துண்டுகளை ஒட்டித் தளம் கட்டி, அரை மி.மீ. துண்டுகளால் உயரத்தைச் சரிசெய்வது சுலபம். ஒட்டும் முன்னால் இரட்டைப்பக்க டேப்பில் தற்காலிகமாகப் பிடிக்கவைத்து, எஞ்சினை நிமிர்த்தித் தண்டவாளத்தில் நிறுத்தி அளவுகோலில் பாருங்கள். தலைகீழாகக் கிடக்கும்போது அளந்த உயரத்தை நம்பக் கூடாது, நிமிர்த்தியதும் எடை இறங்கி ஸ்பிரிங் அமுங்கி ஒரு மி.மீ. குறையும்.

உயரம் சரியாக வந்தும் தலை தொங்கிக்கொண்டிருக்கலாம். பெட்டிக்குள் கப்ளரின் தண்டுக்கு மேலும் கீழும் இடம் இருந்தால் அது முன்பக்கம் சாயும், பெட்டியின் உதட்டில் அரை மி.மீ. சாய்வு இருந்தாலே நக்கிள் முனையில் அது பெரிதாகத் தெரியும். மெல்லிய பிளாஸ்டிக் துண்டு ஒன்றை, பால் டப்பா மூடியில் வெட்டினாலும் போதும், தண்டுக்கு அடியில் செருகினால் தலை நிமிர்ந்துவிடும். ஆனால் பக்கவாட்டில் அது தாராளமாக ஆட வேண்டும், விரலால் ஒதுக்கிவிட்டால் தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டும். ஸ்க்ரூவைக் கடைசிச் சுற்று வரை இறுக்கினால் பெட்டி நசுங்கி உள்ளே ஆட்டம் நின்றுவிடும். இறுக்கிவிட்டுக் கால் சுற்று திரும்ப விடுவது என் வழக்கம். ஆட்டம் கரகரப்பாக இருந்தால் கிராஃபைட் தூள் போடலாம். எண்ணெய் வேண்டவே வேண்டாம், தோட்டத்து மண்ணைக் கூப்பிட்டு உட்கார வைக்கும்.

நக்கிளின் பக்கத்தில் மயிரிழை மாதிரிக் கம்பியில் சுற்றிய ஒரு குட்டிச் சுருள் ஸ்பிரிங் உண்டு. அதுதான் நக்கிளை மூடியே வைத்திருக்கும். அது கழன்றுவிட்டால் திரும்ப மாட்டுவது தனிக் கலை. மெல்லிய கத்தி முனையைச் சுருளின் இரண்டு சுற்றுகளுக்கு நடுவே செருகி, ஒரு முனையை முதல் முளையில் மாட்டி, கத்தியாலேயே ஸ்பிரிங்கை அமுக்கி, மறு முனையை எதிர் முளைக்கு நேராகக் கொண்டுபோய், மூச்சுக்கூட விடாமல் கத்தியை உருவ வேண்டும். தப்பினால் டிங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், கார்பெட்டில் தேடிக் கண்டுபிடித்தவர்கள் யாரும் இல்லை. கையையும் கப்ளரையும் ஒரு தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொண்டு இந்த வேலையைச் செய்தால் ஸ்பிரிங் பைக்குள்ளேயே விழும். உதிரி ஸ்பிரிங் தனியாக விற்கிறார்கள், ஒரு பாக்கெட் வாங்கி வைத்துக்கொள்வது நிம்மதி.

கப்ளருக்கு அடியில் வளைந்து தொங்கும் இரும்புக் கம்பியைப் பார்த்து, பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் ஏர் ஹோஸ் என்று நினைக்க வேண்டாம், அந்தத் தோற்றம் அதற்கு ஒரு வேஷம். தண்டவாளங்களுக்கு நடுவே காந்தம் பதித்திருந்தால் அது இரண்டு கப்ளரின் கம்பிகளையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து நக்கிளைத் திறக்கும், கை வைக்காமலே ரயிலைப் பிரிக்கலாம், பிரித்த பெட்டியை அப்படியே தள்ளிக்கொண்டு போய் வேண்டிய இடத்தில் விட்டுவிட்டும் வரலாம். வீட்டுக்குள் இதைப் பார்க்கும் யாரும் வாய்பிளப்பார்கள். வெளியே தோட்டத்தில், என் கருத்தில், அந்தக் கம்பி உபத்திரவம். கொஞ்சம் தாழ்ந்தால் பாதை இரண்டாகப் பிரியும் பாயிண்ட்டில் போய் மாட்டும், உதிர்ந்த ஓக் மரத்துக் குச்சி ஒன்று போதும் அது சிக்கி நிற்க. காந்தம் வைக்கப் போவதில்லை என்றால் அதை வெட்டிவிடுங்கள். வைத்திருக்கத்தான் வேண்டும் என்றால் தண்டவாளத் தலைக்கு மேலே இருக்கும்படி வளைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தையும் அதே அளவுகோல் காட்டும்.

நீராவி எஞ்சின்களில் பின்பக்கம், அதாவது கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரின் பின்னால், வேலை சுலபம். ரயில் பெட்டியில் மாட்டுகிற மாதிரித்தான், இடமும் நிறைய. முன்பக்கம்தான் வம்பு. மூக்கில் இருக்கும் மாடு தள்ளிக்கு (கவ்கேட்சர்) பின்னாலேயே முன் சக்கரங்கள் இருக்கும், வளைவில் அவை இடமும் வலமும் நிறைய ஆடும், கப்ளரின் பெட்டி அங்கே நீண்டால் சக்கரம் அதில் இடித்துத் தடம் புரளும். பெட்டியின் பின்பக்கத்தைக் கொஞ்சம் செதுக்கலாம், குட்டைத் தண்டுள்ள கப்ளர் கிடைக்குமா என்று பார்க்கலாம். இந்த எஞ்சினை முன்பக்கமாக எப்போதாவது எதையாவது இழுக்க வைக்கப் போகிறோமா என்பதையும் ஒரு தடவை யோசியுங்கள். இரட்டை எஞ்சின் போட்டு ஓட்டாதவர்களுக்கு முன்னால் ஒரு பொம்மைக் கப்ளர் இருந்தாலே தாராளம், நானும் என் மோகல் வகை நீராவி எஞ்சினில் அப்படியேதான் விட்டிருக்கிறேன்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக் காசும் இருக்காது, பொறுமையும் இருக்காது. அதுவரைக்கும் ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் நக்கிள் மாட்டிய ஒரு பெட்டி இருந்தால் பழையதையும் புதியதையும் சேர்த்தே ஓட்டலாம். இந்தியன் ரயில்வேயும் இப்படித்தான் சமாளித்தது, நம்மூர் டபிள்யூஏபி-7 எஞ்சினின் முகத்தைப் பாருங்கள், நடுவில் நக்கிளும் இருக்கும், இரண்டு பக்கம் பஃபரும் இருக்கும், பழைய பெட்டி வந்தால் அதற்கொன்று புதுப் பெட்டி வந்தால் இதற்கொன்று. அந்த இடைப்பெட்டிக்குக் கொஞ்சம் எடையுள்ள, குட்டையான சரக்கு வண்டியாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டி முடித்ததும் எஞ்சினுக்குப் பின்னால் உங்களிடம் இருப்பதிலேயே லேசான பெட்டியை முதலாவதாக இணைத்து, அதற்குப் பின்னால் கனமானவற்றைக் கோர்த்து, இருப்பதிலேயே குறுகலான வளைவில் ஊர்ந்துபோகும் வேகத்தில் முதலில் இழுத்தும் பிறகு தள்ளியும் பாருங்கள். பெட்டி ஒன்று 1.2 கிலோ என்றால் இருபது பெட்டிக்கு 24 கிலோ, நூற்றுக்கு இரண்டு என்ற ஏற்றத்தில் புவியீர்ப்பு மட்டும் கப்ளரை அரைக் கிலோவுக்குக் கீழேதான் இழுக்கும். பிளாஸ்டிக் நக்கிள் அதை அலட்டாமல் தாங்கும். நின்ற ரயிலை வெடுக்கென்று கிளப்பினால்தான் நக்கிள் உடைகிறது, த்ராட்டிலை மெதுவாகத் திறக்கப் பழகினால் போதும்.

மதுரைக்காரர் கடைசியில் என்ன செய்தார் என்றால், வாங்கிய கப்ளரைத் திருப்பி அனுப்பவில்லை. ஆர்1 துண்டுகளைக் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி ஓடும் குட்டி எஞ்சினுக்கு ஒதுக்கிவிட்டு, தோட்டத்துக்கு ஆர்3 வாங்கினார். கப்ளருக்கு ஆனதைவிடத் தண்டவாளத்துக்கு எத்தனையோ மடங்கு செலவு. "முதல்லயே உங்ககிட்ட கேட்டிருந்தா கொக்கியோடவே ஓட்டியிருப்பேன்ணே" என்றார். அவர் வீட்டம்மா காதில் அது விழாமல் பார்த்துக்கொண்டோம்.

இன்னொன்று, கழற்றிய பழைய கப்ளர், பட்டை, ஸ்க்ரூ எல்லாவற்றையும் எஞ்சின் பெயர் எழுதிய பையில் போட்டு, அது வந்த அட்டைப்பெட்டியிலேயே வையுங்கள். நாளைக்கு எஞ்சினை விற்கும்போது வாங்குகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார்.